வீட்டுக் கணக்கு: லண்டன் கரன்ட் பில்லில் தூங்கும் பணம்

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க ஆள் வருவார். ஓடிய யூனிட்டுக்குப் பணம் கட்டினால் கணக்கு தீர்ந்தது. பிரிட்டனுக்கு வேலைக்கோ படிப்புக்கோ போய் வாடகை வீட்டில் குடியேறும் நம்மவர்களுக்கு அங்கே உள்ள முறை முதலில் குழப்பத்தான் செய்யும். மாதாமாதம் ஒரே தொகை டைரக்ட் டெபிட் மூலம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடுகிறது. அந்த மாதம் ஹீட்டர் ராப்பகலாக ஓடியதா, வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வந்திருந்தார்களா என்பதெல்லாம் அந்தத் தொகையை அசைக்காது.

காரணம் அங்குள்ள குளிர். கேஸ் ஹீட்டர் வைத்த வீட்டில் ஜனவரி மாதச் செலவு ஜூலையைப் போல மூன்று நான்கு மடங்கு ஆகும். அதைச் சமாளிக்க, வருடத்துக்கு எவ்வளவு கரன்ட், எவ்வளவு கேஸ் ஆகும் என்று நிறுவனம் ஒரு மதிப்பீடு போட்டு, 12-ஆல் வகுத்து மாதத் தவணையாக வாங்கிக்கொள்கிறது. கோடையில் கட்டும் கூடுதல் பணம் கணக்கில் சேர்ந்து, குளிர்காலத்தில் கரைய வேண்டும். இப்படிச் சேர்ந்திருக்கும் பணத்தைத்தான் பில்லில் ‘கிரெடிட்’ என்று போடுகிறார்கள். கிரெடிட் கார்டு பழக்கத்தில் அதைக் கடன் என்று நினைத்துப் பதறுபவர்களும் உண்டு. பதற வேண்டாம், அது வீட்டுக்காரர்களின் சொந்தப் பணம். அதற்கு வட்டி கிடையாது என்பதுதான் வருத்தம்.

எவ்வளவு சேரும்? லண்டன் ஹாரோவில் ஒரு தம்பதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வருடச் செலவு 1,800 பவுண்டு, மாதத் தவணை 150. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதம் 70 பவுண்டுக்குத்தான் செலவாகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாதம் 250. மற்ற நான்கு மாதங்கள் 130. ஏப்ரல் முதல் தேதி பூஜ்யத்தில் ஆரம்பித்தால், அக்டோபர் கடைசியில் கணக்கில் 380 பவுண்டு நிற்கும்.

ஆப்பைத் திறந்து பார்க்கும் கணவர், “முந்நூத்தி எண்பது பவுண்டு சும்மா கெடக்கு. எடுத்துட்டா பொங்கலுக்கு ஊருக்குப் போற டிக்கெட்டுக்கு ஆகும்ல?” என்பார்.

“ஏங்க, குளிர் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. ஜனவரி பில்லுக்கு என்ன பண்ணுவீங்க?” என்பார் மனைவி.

மனைவி சொல்வதுதான் சரி. தொடாமல் விட்டால் அந்த 380 நான்கு குளிர் மாதங்களில் கரைந்து, பிப்ரவரி கடைசியில் 20 பவுண்டு பாக்கி வரும். மார்ச்சில் அதுவும் நேராகிவிடும். அக்டோபரிலேயே எடுத்துவிட்டால் பிப்ரவரி கடைசியில் பாக்கி 400 பவுண்டு. பாக்கியைப் பார்த்ததும் நிறுவனம் மாதத் தவணையை ஏற்றும். டிக்கெட்டுக்கு எடுத்த பணம் அடுத்த வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போகும்.

அதே 380 பவுண்டு மார்ச் கடைசியில் நின்றால் கதையே வேறு. குளிர்காலம் முழுவதையும் தாண்டியும் மிஞ்சிய பணம் அது. அதற்கு அர்த்தம், மாதம் 30 பவுண்டுக்கு மேல் அதிகமாகக் கட்டி வந்திருக்கிறார்கள் என்பதே. அதனால் கிரெடிட்டைப் பார்த்து முடிவெடுக்க ஏற்ற சமயம் ஏப்ரலும் மே மாதமும்தான். அப்போதும் ஒரு மாதத் தவணை அளவுக்கு விட்டுவைத்து மீதியைக் கேட்பது பாதுகாப்பு.

கேட்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, மீட்டர் ரீடிங். ஸ்மார்ட் மீட்டர் இல்லாத வீடுகளிலும், இருந்தும் சிக்னல் அனுப்பாத வீடுகளிலும், நிறுவனம் உத்தேசமாக ஒரு ரீடிங்கைப் போட்டு பில் அனுப்பும். பில்லில் ‘எஸ்டிமேட்டட்’ என்று இருந்தால், மேலே காட்டும் கிரெடிட்டும் உத்தேசம்தான். உண்மையில் அதிகம் ஓடியிருந்தால், எடுத்த பணம் அடுத்த பில்லிலேயே பாக்கியாக வந்து நிற்கும். மீட்டரை போட்டோ எடுத்து, ரீடிங்கை ஆப்பில் கொடுத்து, புது பில் வந்த பிறகு கேட்டால் யாரும் மறுபேச்சு பேச முடியாது.

பணத்தைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. பிரிட்டனின் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் விதிப்படி, வாடிக்கையாளர் கேட்டால் கிரெடிட்டைத் திருப்பித் தர வேண்டும். தர மறுத்தால் நியாயமான காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணத்தை வாடிக்கையாளருக்குச் சொல்லவும் வேண்டும். மாதத் தவணையையும் மனம்போன போக்கில் வைக்க முடியாது. கையில் இருக்கும் தகவல்களில் சிறந்ததையும் புதியதையும் வைத்துத்தான் கணக்கிட வேண்டும். ஆகவே தவணை திடீரென்று ஏறினால், “வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று கணக்கிட்டீர்கள்?” என்று கேட்கலாம். அந்த எண் கிடைத்ததும், போன வருடம் உண்மையில் ஓடிய யூனிட்டோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். யூனிட்டை விலையால் பெருக்கி, தினசரி நிலைக்கட்டணத்தை 365-ஆல் பெருக்கிக் கூட்டி, 12-ஆல் வகுத்தால் நியாயமான தவணை கைக்கு வரும். கரன்டுக்கும் கேஸுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு கேள்வி எதற்கு என்று தோன்றினால் 2021-ஐ நினைத்துப் பார்க்கலாம். கேஸ் மொத்த விலை எகிறியதில் அந்த வருடம் இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பிரிட்டனில் வரிசையாக மூழ்கின. வாடிக்கையாளர்கள் முன்கூட்டிக் கட்டிய பணத்தையே தொழிலுக்கு முதலாக ஓட்டிய நிறுவனங்களும் அவற்றில் இருந்தன. வீடுகளின் கிரெடிட்டுக்கு ஆஃப்ஜெம் பாதுகாப்பு உண்டு என்பதால் அந்தப் பணம் புது நிறுவனத்தின் கணக்குக்கு மாறியது. ஆனால் அதற்கான செலவு எல்லோருடைய பில்லிலும் ஏறியது. கணக்கில் பெரிய தொகையைத் தேவையில்லாமல் தூங்கவிடுவது நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பது போலத்தான்.

கோபத்தில் வங்கி ஆப்பில் போய் டைரக்ட் டெபிட்டையே ரத்து செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உரிமை வாடிக்கையாளருக்கு எப்போதும் உண்டு. தவறான தொகை எடுக்கப்பட்டிருந்தால் டைரக்ட் டெபிட் உத்தரவாதத்தின்படி வங்கியே அதைத் திருப்பித் தரும். ஆனால் ரத்து செய்தால் பில் வந்த பிறகு கட்டும் முறைக்கு மாற்றிவிடுவார்கள். பொதுவாக அதில் விலை கூடுதல். கட்டத் தவறினால் கிரெடிட் ஸ்கோரும் அடிபடும், பின்னால் வீட்டுக்கடன் வாங்கும்போது அது உறுத்தும். மாதாமாதம் ஓடியதற்கு மட்டும் கட்டும் வகை டைரக்ட் டெபிட்டையும் பல நிறுவனங்கள் தருகின்றன. கிரெடிட் சேரும் பேச்சே அதில் இல்லை. ஜனவரியில் 250 பவுண்டு ஒரே மூச்சில் போவதைத் தாங்கும் குடும்பங்களுக்கு அது நல்ல வழி. சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் குடும்பங்களுக்குச் சமமான தவணையே நிம்மதி.

நிறுவனத்திடம் புகார் கொடுத்து 8 வாரம் ஆகியும் தீர்வு இல்லையென்றால் எனர்ஜி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது. யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாதவர்களுக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இலவசமாக வழிகாட்டும். போனில் பேசிய தேதியையும், பேசியவர் பெயரையும் குறித்துவைப்பது எல்லாவற்றுக்கும் உதவும்.

நிறுவனம் மாறும்போது பழைய நிறுவனம் 6 வாரத்துக்குள் கடைசி பில்லை அனுப்ப வேண்டும். மிச்சம் இருந்தால், அந்த பில் அனுப்பிய 10 வேலை நாட்களுக்குள் தந்தாக வேண்டும். தாமதித்தால் இழப்பீடும் சேர்த்துத் தர வேண்டும்.

பணம் உண்மையிலேயே தொலைந்துபோவது வேறு இடத்தில், வீட்டைக் காலி செய்து இந்தியா திரும்பும்போது. பெட்டி கட்டும் அவசரத்தில் வங்கிக் கணக்கை மூடிவிடுகிறார்கள். கடைசி பில்லோ வாரக்கணக்கில் கழித்துத்தான் வருகிறது. கிரெடிட்டைப் போட கணக்கு இல்லாததால் பழைய முகவரிக்கு காசோலை போகும். அங்கே இப்போது யாரோ குடியிருப்பார்கள். தப்பித் தவறி அது திருச்சிக்கே வந்து சேர்ந்தாலும், பவுண்டு காசோலையை இங்கே மாற்றுவது பெரும்பாடு. கிளம்பும் நாளில் மீட்டரை போட்டோ எடுத்து, ரீடிங்கையும் புது முகவரியையும் இமெயிலையும் கொடுத்துவிட்டு, கடைசி பில் முடிந்து பணம் வரும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

நான்கு மாணவர்கள் சேர்ந்து எடுத்த வீடென்றால் பில் ஒருவர் பெயரில்தான் இருக்கும், கிரெடிட்டும் அவருக்குத்தான் போகும். கோர்ஸ் முடிந்து ஆளுக்கொரு ஊருக்குப் பிரிவதற்கு முன்பே, கடைசி பில்லில் மிஞ்சுவதை எப்படிப் பங்கிடுவது என்று வாட்ஸ்அப் குரூப்பில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.