தசைச் சிதைவு நோய்: இதயத்தை ஆண்டுதோறும் கண்காணிப்பது ஏன்?

டுஷேன் தசைச் சிதைவு நோய் குறித்த அண்மைக்கால விவாதங்கள் பெரும்பாலும் விலை உயர்ந்த புதிய மருந்துகளைப் பற்றியே அமைகின்றன. ஒன்றிய அரசின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை (2021) இந்நோயை மூன்றாம் பிரிவில் சேர்த்துள்ளது. 2022-இல் அதன் நிதியுதவி உச்சவரம்பு 50 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆயினும், இன்றே மேற்கொள்ளத்தக்க இதயக் கண்காணிப்பு போதிய கவனம் பெறுவதில்லை.

இதயம் ஏன் பாதிக்கப்படுகிறது?

டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் கை, கால் தசைகளைப் போலவே இதயத் தசையையும் காக்கிறது. அது இல்லாதபோது தசை இழைகள் சிதைந்து, அவ்விடத்தில் தழும்பு உருவாகிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுவனுக்கு, படியேறும்போது மூச்சு வாங்குதல் போன்ற எச்சரிக்கை கிடைப்பதில்லை. வயிற்று வலி, வாந்தி, உறக்கமின்மை, எடைக்குறைவு ஆகியவையும் இதயத் தளர்ச்சியின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். எனவே, அறிகுறி தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம்.

எந்தப் பரிசோதனை, எப்போது?

2018-இல் வெளியான பன்னாட்டுப் பராமரிப்பு வழிகாட்டுதலின்படி, நோய் உறுதியானவுடன் இ.சி.ஜி.யும் இதயப் படப் பரிசோதனையும் செய்து, பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் தொடர வேண்டும்.

- எக்கோ: சிறு வயதினருக்கு ஏற்றது. அறிக்கையில் ‘இ.எஃப்.’ எனக் குறிக்கப்படும் எண், ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையிலுள்ள இரத்தத்தில் எத்தனை விழுக்காடு வெளியேறுகிறது என்பதைக் காட்டும்.
- இதய எம்.ஆர்.ஐ.: 6 அல்லது 7 வயதுக்குப் பின், மயக்க மருந்தின்றி அசையாமல் படுத்திருக்க இயன்றால் இதுவே சிறந்தது. கடோலினியம் மருந்து செலுத்தி எடுக்கும் படம், ‘இ.எஃப்.’ குறைவதற்கு முன்பே தழும்பைக் காட்டக்கூடும். முதுகெலும்பில் உலோகக் கம்பி பொருத்தியிருந்தாலோ சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ முன்கூட்டியே தெரிவியுங்கள்.

எக்கோ இயல்பாக இருப்பினும், 10 வயதுக்குள் இதயப் பாதுகாப்பு மருந்தைத் தொடங்க அவ்வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. இது குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தை நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. இந்நோயின் மரபணு மாற்றத்தைக் கொண்டுள்ள தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் இதயப் பாதிப்பு நேரலாம். அவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பழைய அறிக்கைகளைப் பாதுகாத்திடுங்கள்

ஒரு படம் அன்றைய நிலையை மட்டுமே காட்டும்; மாற்றத்தை அறிய முந்தைய படங்கள் தேவை. அறிக்கைகளையும் குறுந்தகடுகளையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்லுங்கள். இயன்றவரை ஒரே மையத்தில் பரிசோதனை செய்வது ஒப்பீட்டை எளிதாக்கும்.

செங்கல்பட்டு மாவட்டத்தினருக்கு

மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளிலிருந்து சக்கர நாற்காலியுடன் பயணம் செய்வது எளிதன்று. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லும்போது, எக்கோ, இ.சி.ஜி., நுரையீரல் பரிசோதனை ஆகியவற்றை ஒரே நாளில் செய்ய இயலுமா என முன்னரே கேளுங்கள். இதய எம்.ஆர்.ஐ. எல்லா மையங்களிலும் செய்யப்படுவதில்லை. தேவையெனில் பரிந்துரைக் கடிதம் பெறுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, அரிய நோய்க் கொள்கையின்கீழ் உயர் சிறப்பு மையமாக உள்ளது.

மயக்கம், கடும் படபடப்பு, மூச்சுத் திணறல் ஏற்பட்டால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.