புகையும் நெருப்பும்

மலைச் சரிவிலும் காட்டுப் பாதையிலும் சைக்கிள் பந்தயம் விடுவது மேல்நாடுகளில் பெரிய தொழிலாகிவிட்டது. கல், வேர், சேறு, மூச்சை அடைக்கும் ஏற்றம், கை நடுங்கும் இறக்கம் இத்தனையையும் ஓய்வின்றி மிதித்துக் கடக்க வேண்டும். 1990இல் உலகப் போட்டி தொடங்கியது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் இந்தப் பந்தயம் இடம் பெற்றது. சம்பளம் தரும் குழுக்களும் விளம்பரம் தேடும் கம்பெனிகளும் பரிசுப் பணமும் வந்தன. பின்னாலேயே ஊக்க மருந்தும் வந்து சேர்ந்தது. அதைத் தொடர்ந்து எழுந்த குற்றச்சாட்டுகள் ஒரு கேள்வியை முன்வைக்கின்றன. வீரரின் பொறுப்பு எது, அவர்மீது குற்றம் சாட்டுகிறவரின் பொறுப்பு எது?

1996இல் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில் பிரான்ஸ் வீரர் ஜெரோம் ஷியோட்டி முதலிடம் பெற்றார். வானவில் வண்ணச் சட்டையும் தங்கப் பதக்கமும் அவருக்குக் கிடைத்தன. சுவிட்சர்லாந்தின் தாமஸ் ஃபிரிஷ்க்னெக்ட் இரண்டாவதாக வந்து வெள்ளியோடு ஊர் திரும்பினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2000இல், ஷியோட்டி வாய் திறந்தார். இ.பி.ஓ. என்ற மருந்தைப் பயன்படுத்தித்தான் வென்றதாக ஒப்புக்கொண்டார். பதக்கத்தையும் சட்டையையும் ஃபிரிஷ்க்னெக்டிடமே கொடுத்துவிட்டார்.

சிறுநீரகக் கோளாறினால் இரத்தம் குன்றிய நோயாளிகளுக்குப் பயன்படுவது அந்த மருந்து. இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கி, தசைகளுக்குப் பிராணவாயு கூடுதலாகப் போகச் செய்யும். நல்ல உடம்புக்காரர் ஏற்றிக்கொண்டால் களைப்பு தள்ளிப்போகும். இரத்தம் கெட்டியாகி இருதயத்துக்கே ஆபத்தும் வரலாம். 1996இல் அதைக் கண்டுபிடிக்கும் சோதனை கிடையாது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஷியோட்டி சோதனையில் பிடிபட்டவரல்லர். பேசாமல் இருந்திருந்தால் இன்றும் ஏட்டில் அவர் பெயரே இருந்திருக்கும். அவர் செய்தது குற்றம்தான், சொன்னது ஆண்மை.

ஆனால் ஃபிரிஷ்க்னெக்டின் இழப்பு ஈடானதா? தாமதமாக வரும் பதவி உயர்வுக்கு அரியர்ஸ் கிடைக்கலாம். கெய்ர்ன்சில் அன்று எழுந்த கைதட்டலுக்கு அரியர்ஸ் கிடையாது. ஊக்க மருந்து தன் உடம்பை மட்டும் பாதிக்கும் சொந்த விஷயம் என்று வாதாடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அது பக்கத்தில் நிற்பவரின் சோற்றில் கை வைக்கும் செயல்.

எல்லோரும் ஷியோட்டியைப் போலத் தாமாக முன்வரவில்லை. 2003 உலகச் சாம்பியனான பெல்ஜியத்தின் ஃபிலிப் மெய்ர்ஹாகே, 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சற்று முன்பு இ.பி.ஓ. சோதனையில் சிக்கிய பிறகே குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதே 2003 போட்டியில் இரண்டாவதாக வந்த கனடாவின் ரைடர் ஹெஸ்ஜெடால், பின்னர் 2012இல் இத்தாலி சுற்றுப் பந்தயத்தை வென்று பெரும் புகழ் பெற்றார். டென்மார்க்கின் மைக்கேல் ராஸ்முசென் 2013இல் தம் புத்தகத்தில் அவருடைய பழைய கதையை எழுதிவிட்டார். அதன் பிறகுதான் ஹெஸ்ஜெடாலும் ஒப்புக்கொண்டார். அதற்குள் தண்டிக்கும் காலவரம்பு கடந்துவிட்டது. மாட்டிக்கொண்ட பிறகு வரும் வருத்தத்துக்கும், மாட்டாமலே வரும் வருத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஊரார் அறிவார்கள்.

இனி விதியைப் பார்க்கலாம். உலக ஊக்க மருந்துத் தடுப்பு அமைப்பு 1999இல் ஏற்பட்டது. அதன் விதித்தொகுப்பு 2004 முதல் அமலில் இருக்கிறது. வீரரின் உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு அவரே பொறுப்பு என்பது அதன் அடிப்படை. டாக்டர் கொடுத்தார், பயிற்சியாளர் கலக்கினார், டப்பாவில் எழுதவில்லை என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்கக் கேட்கும் காரணங்கள் ஆகலாம். பொறுப்பைக் கை மாற்றாது.

இது கடுமையான விதிதான். ஆனால் டிக்கெட் கவுண்டரில் உட்காரும் குமாஸ்தாவுக்கு இது புதிதல்ல. ஷிப்டு முடிந்து கணக்குப் பார்க்கும்போது பணம் குறைந்தால், எப்படிக் குறைந்தது என்பது பிறகு. முதலில் அவர் கைப்பணத்தைப் போட்டுக் கட்ட வேண்டும். கல்லா அவர் பொறுப்பு. இந்த விதி இல்லாவிட்டால் கணக்கே நிற்காது. விளையாட்டுக்கும் அதே நியாயம். தெரியாது என்று சொன்னால் போதும் என்றால், தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

ஆனால் பணம் குறைந்தது என்பதும் பணத்தைத் திருடினார் என்பதும் ஒன்றல்ல. இந்த இடத்தில்தான் இன்னொரு சுவிட்சர்லாந்து வீரரின் வழக்கு பாடம் சொல்கிறது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர் மத்தியாஸ் ஃபிளூக்கிகர். 2022 ஜூனில் அவருடைய சிறுநீரில் ஜெரனால் என்ற பொருள் மிக மிகச் சிறு அளவில் காணப்பட்டது. சில நாடுகளில் மாடுகளைக் கொழுக்க வைக்கக் கொடுக்கும் மருந்து அது. தின்ற இறைச்சி வழியாகவும் மனித உடம்புக்கு வரக்கூடும். அதனால் குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்தால் அதை உடனே குற்றமாக எழுதாமல், முதலில் விசாரிக்க வேண்டும் என்பது விதி. அப்படியிருந்தும் ஆகஸ்டில், ஐரோப்பியப் போட்டி நடக்கவிருந்த வேளையில், அவர் தற்காலிகமாக சஸ்பெண்டு செய்யப்பட்டார். செய்தி உலகம் முழுவதும் பரவியது. அந்த ஆண்டு உலகப் போட்டியும் கைநழுவிப் போயிற்று. டிசம்பரில் தடை நீங்கியது. 2024இல் சுவிஸ் ஒலிம்பிக் சங்கத்தின் ஒழுங்கு விசாரணை மன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அவர் பங்கு கொண்டார்.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இலாகா விசாரணையில் சிக்கிக் கடைசியில் குற்றமற்றவர் என்று வெளியே வந்த எந்த ஊழியரையும் கேட்டால், அந்தப் பழமொழி எவ்வளவு கொடியது என்று சொல்வார். சஸ்பெண்டு உத்தரவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். விடுவிக்கும் உத்தரவு உறைக்குள் வரும். முதலாவதை ஆபீஸ் முழுவதும் படிக்கும். இரண்டாவதை அவர் மட்டும் படிப்பார். பத்திரிகைகளும் இந்தப் பழிக்கு விலக்கல்ல. குற்றச்சாட்டை எந்தப் பக்கத்தில், எந்த எழுத்தில் போட்டார்களோ, விடுதலையையும் அதே பக்கத்தில், அதே எழுத்தில் போட வேண்டும். வீரருக்கு முழுப் பொறுப்பு என்று சொல்லும் அமைப்புக்கும் பொறுப்பு உண்டு. சோதனைச்சாலைத் தாளைத் தீர்ப்பாக எண்ணுவதும், விசாரணையை இரண்டு ஆண்டு இழுப்பதும் நியாயமாகாது.

இதெல்லாம் எங்கோ ஐரோப்பாவில் நடப்பவை என்று ஒதுக்க முடியாது. உலக அமைப்பின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் எடுத்த 3,865 மாதிரிகளில் 125இல் தடை செய்யப்பட்ட பொருள் காணப்பட்டது. இரண்டாயிரத்துக்கு மேல் சோதித்த நாடுகளில் இதுவே அதிக விகிதம். அத்தனையும் நிரூபிக்கப்பட்ட குற்றங்கள் அல்ல, ஆனாலும் தலைகுனிவுதான். அதே ஆண்டில் நாடாளுமன்றம் ஊக்க மருந்துத் தடுப்புக்கெனத் தனிச் சட்டமும் நிறைவேற்றியது.

ரயில்வேயிலும் போலீசிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கிறது. ஒரு பதக்கம் ஒரு குடும்பத்தைக் கரையேற்றும். பிழைக்க வந்த ஊரில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு, விடியற்காலையில் மகனை மைதானத்துக்கு அனுப்பும் தகப்பனுக்கு இது நன்றாகத் தெரியும். பவுடர் டப்பாவும் ஊசியும் நீட்டுகிறவனுக்கும் அது தெரியும். பையன் மாட்டிக்கொண்டால் தடை நான்கு ஆண்டு வரை போகலாம். வேலைக்கான வயதும் அதோடு போய்விடும். நீட்டியவன் வேறு பையனைத் தேடிப் போய்விடுவான். மருந்து கொடுத்தவர்களையும் தண்டிக்க விதியில் இடம் உண்டு. அந்த விதி ஏட்டோடு நிற்கக் கூடாது.

ஆகவே இரண்டு கடமைகள். பெயர் தெரியாத எதையும் வாயில் போடாமலிருப்பதும், தவறு செய்திருந்தால் ஷியோட்டியைப் போல் பிடிபடுமுன் சொல்வதும் வீரரின் கடமை. விசாரித்து முடிக்கும்வரை ஒருவரைக் குற்றவாளி என்று அழைக்காமலிருப்பது மற்ற எல்லோருடைய கடமை. முதல் கடமை தவறினால் பந்தயம் பொய்யாகும். இரண்டாவது தவறினால், மருந்தைத் தொடாத ஒருவர் வாழ்நாள் முழுவதும் தலை குனிந்து நடக்க நேரும்.