பெயரறிந்து வளர்த்தல்

வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் மீன் வளர்ப்போர் "கிறிபென்சிஸ்" என அழைப்பது பெரும்பாலும் "புல்க்கர்" என்னும் வேறோர் இனமே. இரண்டும் மேற்காபிரிக்கச் சிக்கிலிட்டுக்கள்; ஒரே சாதியைச் சேர்ந்தவை. புல்க்கரை 1901இலும், கமரூன் நாட்டுக் கிறிபியின் பெயர்பூண்ட கிறிபென்சிசை 1911இலும் பூலெஞ்சர் என்னும் அறிஞர் விவரித்தார். பின்னையது நெடுங்காலம் பிறிதோர் இனத்துள் அடக்கப்பட்டு, 2014ஆம் ஆண்டிலேதான் மீண்டும் தனியினமாக ஏற்கப்பட்டது.

பெயர் எதுவாயினும் மீன் மீன்தானே என்பாருமுளர். அது பொருந்தாது. ஆற்றுக்கு ஆறு நிறம் வேறுபடும் இம்மீன்களை ஒருங்கே வளர்ப்பின் கலப்புக் குஞ்சுகள் தோன்றலாம். இயற்கை பிரித்து வளர்த்த மரபு நம் தொட்டியிலே அழிந்துபோம். ஆதலின் தொட்டிக்கு ஓரிணையே போதும். முட்டையிடக் குகைபோற் கவிழ்த்த சட்டியொன்றை வைத்து, மீன் வந்த ஆற்றின் பெயரையும் சீட்டிலெழுதி ஒட்டுக. மாணவத் தம்பியர் இச்சீட்டினை மறவாதிருப்பாராக.