திடல்களைத் தேடி ஒரு பயணம்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் பேச்சு ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூடும் இடங்களிலும் தொடங்கிவிட்டது. கெந்திங் மலை, நீர்க் கேளிக்கைப் பூங்கா, பேரங்காடி... ஆண்டுதோறும் இவைதாம். இம்முறை நான் வேறொரு திட்டத்தை முன்வைக்கிறேன். ஒரே நாள், ஒரு மகிழுந்து, உடன் ஒரு தாத்தா. நம் வட சிலாங்கூர்த் தோட்டங்களின் காற்பந்துத் திடல்களைப் பார்த்து வருவோம்.

சிரிக்காதீர்கள். இங்கிலாந்தில் கூட்டிணைவுக் குழுக்களின் 92 திடல்களையும் நேரில் கண்டவர்களுக்கென 1978இல் ஒரு சங்கமே தோன்றியது. அமெரிக்காவில் பெரிய நகரங்களின் அரங்குகளை விட்டுவிட்டுச் சிற்றூர்களின் பேஸ்பால் திடல்களைத் தேடிப் போகும் குடும்பங்கள் உண்டு. ஆட்ட அட்டவணையையும் சாலைப் படத்தையும் மேசைமேல் விரித்து, ஊர் ஊராகத் திட்டமிடுவார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. நமக்கு அது கடமையும் ஆகும் என்பது என் கருத்து.

சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். "தாத்தா எந்தத் திடலில் பந்து விளையாடினார் என்று கேட்டு வாருங்கள்" என்றேன். மறுநாள் 11 திடல்களின் பெயர்கள் வந்தன. கரும்பலகையில் கோலா குபு பாரு தொடங்கிக் கோலா சிலாங்கூர் வரை ஒரு கோடு வரைந்து, ஒவ்வொன்றையும் குறித்தோம். பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம்! ஆனால், "இன்றும் இருப்பவை எவை?" என்று விசாரித்தபோது, நான்கில்தான் வட்டம் போட முடிந்தது.

வழியைச் சரிபார்க்க, ஒரு சனிக்கிழமை மாணவன் ஒருவனையும் அவனுடைய தாத்தாவையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். கோலா குபு பாருவில் பசியாறினோம். இந்த ஊரே ஒரு பாடம். 1883இல் அணை உடைந்து பழைய ஊர் அழிந்தது. வெள்ளம் அதன் பிறகும் விடவில்லை. 1920களில் சார்ல்ஸ் ரீட் என்னும் நகர்த் திட்டமிடுநர் மேட்டு நிலத்தில் புதிய ஊரை வடிவமைத்தார். கடைக்கும் வீட்டுக்கும் இடையே பசும்புல் வெளி வேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை.

அங்கிருந்து ராசா, பத்தாங் காலி, செரண்டா, ரவாங் வழியாக மேற்கே திரும்பி பெஸ்தாரி ஜெயாவை அடைந்தோம். 2007வரை அதன் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. தாத்தாவுக்கு இன்றும் அதுதான் பெயர். 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவான தென்னமரம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.

ஒரு செம்பனைக் காட்டோரம் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி நடந்து, இரண்டு மரங்களுக்கு நடுவில் நின்றார்.

"வாத்தியாரே, கோல் கம்பம் இங்கதான் நின்னுச்சு. அந்தப் பக்கம் கோயிலு, இந்தப் பக்கம் கிராணி வீடு."

சம்பள ஞாயிறுகளில் சுண்ணாம்பால் கோடு போட்டதையும், தோட்டத்து லாரியில் ஏறிப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஆடப் போனதையும், திருவிழாக் கிண்ணத்துக்காக எழுவர் காற்பந்து நடந்ததையும் சொல்லிக்கொண்டே வந்தார். பேரன் வாய் திறக்கவில்லை. தாத்தா ஓடியாடியவர் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும்!

பழமையைப் போற்றிப் பாடுவதற்காக இதை நான் எழுதவில்லை. ஆட்டம் முடிந்ததும் குடியும் சண்டையும் நடந்த திடல்களும் உண்டு. கூலி குறைவு, வீடு லயம். அந்த வாழ்க்கை திரும்பிவர வேண்டும் என்று எவரும் கேட்கமாட்டார். என் கேள்வி வேறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நாம் எவற்றைக் கேட்டோம்? வீட்டைக் கேட்டோம், அதுவும் எளிதில் கிடைக்கவில்லை. புக்கிட் தாகார், மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்தார் வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்ததை நாடே அறியும். கோயிலைக் கேட்டோம். பள்ளியைக் கேட்டோம். திடலைக் கேட்க மறந்துவிட்டோம்.

ஷா ஆலாம் அரங்கத்தை 2024இல் இடிக்கத் தொடங்கியபோது நாளேடுகள் பக்கம் பக்கமாக எழுதின. தோட்டத் திடல் மறைந்த அன்று ஒரு வரிச் செய்தியும் வரவில்லை.

"காற்பந்து சோறு போடுமா, ஐயா?" என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், கோல் காவலர் ஆறுமுகத்தை 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடியது. 2010இல் மலேசியாவுக்கு முதன்முதலாகத் தென்கிழக்காசியக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்த பயிற்றுநர் இராஜகோபால். இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா குழு 2017இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரில் சூப்பர் லீக்கில் ஆடி, 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. மேலே குழு இருந்தால் மட்டும் போதாது. கீழே திடல் வேண்டும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021இல் நீங்கிவிட்டது. இன்னும் எந்தத் தேர்வைக் காட்டிப் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டப் போகிறோம்?

புதிய வீடமைப்புப் பகுதிகளில் பத்து விழுக்காட்டு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது திட்டமிடல் வழிகாட்டி. ஆனால், அந்த நிலம் சில இடங்களில் வடிகால் ஓரத்துத் துண்டாகவும் சரிவாகவும் கிடக்கிறது. அதில் எப்படிப் பந்து உருளும்? அடுத்த முறை குடியிருப்பாளர் கூட்டத்திலோ பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலோ வரைபடத்தை விரிக்கும்போது, "பிள்ளைகள் ஆடச் சமதரை எங்கே?" என்று யாராவது ஒருவர் கேளுங்கள்.

அதற்கு முன்பு, இந்தப் பயணம். காலையிலேயே புறப்படுங்கள், மாலையில் மழை பிடிக்கும். தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். ஒரு பந்தும் ஒரு குறிப்பேடும் போதும். திடல் இருக்கும் இடத்தில் பிள்ளைகள் ஆடட்டும். இல்லாத இடத்திலும் வண்டியை நிறுத்துங்கள். தாத்தா பேசட்டும், பிள்ளை எழுதட்டும். மாலையில் கோலா சிலாங்கூர் மலாவத்தி மலையில் ஏறிக் கடலைப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம்.

எங்கள் கரும்பலகைக் கோட்டில் இன்னும் இடம் இருக்கிறது. உங்கள் தோட்டத் திடலின் பெயரையும் எழுதி அனுப்புங்கள்.