விதை வாங்க நல்ல நாள் எது?

'விவசாயிங்க எல்லாத்தையும் கடைசி நேரத்துலதான் செய்வாங்க. விதைநெல்லை முன்னாடியே வாங்கி வெச்சா என்னவாம்?' ஏ.சி. அறைகளில் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி.

சரி, எந்த விதையை வாங்குவது? நீங்களே சொல்லுங்கள். பம்ப்செட் உள்ளவரை விடுங்கள். ஆற்றுத் தண்ணீரையே நம்பியிருக்கும் டெல்டா விவசாயி, மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவை போடுவார். ஏ.டி.டி. 43 வாங்கினால் 110 நாளில் அறுவடை. திறப்பது தள்ளிப்போனால் குறுவை போச்சு, நேரே சம்பாதான். அதற்கு சி.ஆர். 1009, ஐந்து மாதப் பயிர். இன்னும் தள்ளினால் அதுவும் சரிவராது, மத்திய கால ரகம் தேட வேண்டும்.

அணை திறந்த லட்சணம் இது: 2016-ல் செப்டம்பர் 20. 2017-ல் அக்டோபர் 2. 2024-ல் ஜூலை 28. அந்த வருஷங்களில் மே மாதமே குறுவை விதையை வாங்கி அடுக்கியிருந்தால்? சான்று விதைக்கு ஆயுள் ஒன்பது மாதம். அடுத்த குறுவைக்குள் காலாவதி!

பங்கு வாங்குகிறவர் காத்திருந்தால் புத்திசாலி, விதை வாங்குகிறவர் காத்திருந்தால் சோம்பேறி. பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கு புரியவில்லை சார்.

தண்ணீர்த் தேதியை முன்கூட்டிச் சொல்லுங்கள். வேளாண் விரிவாக்க மையங்களில் மூன்று வகை விதையும் இருப்பில் இருக்கட்டும். 'கடைசி நேரம்' பற்றி அப்புறம் பேசலாம்.