மாவ்ஷிக்கு ஒரு பருப்பு, நமக்கு ஒரு பருப்பா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சொசைட்டியில் கூட்டாஞ்சோறு. நவி மும்பை, நெரூல். எட்டுத் தமிழ்க் குடும்பங்கள், வீட்டுக்கு ஒரு ஐட்டம். எங்கள் பங்கு சாம்பார். பெருமைக்குச் சொல்லவில்லை, நன்றாகவே அமைந்துவிட்டது. மூன்றாவது மாடி சார் இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டே கேட்டார், "பருப்பு நல்லா குழைஞ்சிருக்கே, என்ன பிராண்டு?"

தங்கமணி யதார்த்தமாகச் சொல்லிவிட்டாள். "அந்த குடோன் கடையில அவங்க சொந்தப் பேரு போட்டு விக்கறாங்களே, அந்தப் பருப்புதான் சார்."

சார் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் வீட்டம்மா சிரித்துக்கொண்டே, "அதுவா? அது நாங்க மாவ்ஷிக்குக் குடுக்கறதுக்குன்னு வாங்குவோம்" என்றார். இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக: மாவ்ஷி என்றால் மராத்தியில் அம்மாவுடன் பிறந்தவள். நமக்குச் சித்தி, பெரியம்மா. வீட்டு வேலைக்கு வருகிற பெண்மணியை இங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம். ஆக, கூப்பிடுவது சித்தி என்று. கொடுப்பது தனிப் பருப்பு.

அன்றைக்குப் பாயசத்தைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். சண்டை போட எனக்கு முழுத் தகுதி இல்லை என்பதும் ஒரு காரணம். இரண்டு வருடம் முன்புவரை எங்கள் வீட்டிலும் இதே கதைதான். டிவியில் விளம்பரம் வருகிற பருப்பு எவர்சில்வர் டப்பாவில். கடையின் சொந்த பிராண்டு பாக்கெட் கீழ் அலமாரியில், மாவ்ஷிக்கு மாசாமாசம் கொடுப்பதற்கு. தீபாவளிப் பையிலும் அதுதான் போகும். நல்ல மனசோடுதான் கொடுத்தோம். தப்பு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

மாவ்ஷிதான் ஒரு நாள் போட்டு உடைத்தார். காலையில் குக்கர் வைப்பது அவர் வேலை. "வஹினி, நீங்க எனக்குக் குடுக்கற டாள் இங்க இருக்கறதை விட சீக்கிரம் வேகுது. அது எந்தக் கடை?" என்று கேட்டாராம். தங்கமணியிடம் பதில் இல்லை. யோசித்துப் பாருங்கள். இரண்டு பருப்பையும் கையால் களைந்து, வேகவைத்துப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். நாங்கள் பார்த்தது பாக்கெட்டை மட்டும்.

அடுத்த ஞாயிறு சோதனை. ஒரே குக்கர், இரண்டு பாத்திரம், அளந்து ஒவ்வொரு டம்ளர் பருப்பு, அளந்து தண்ணீர். உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல் எனக்கும் பெண்ணுக்கும் கிண்ணத்தில் வந்தது. "இதுதான் நம்ம வழக்கமான பருப்பு" என்று அடித்துச் சொன்னேன். நான் காட்டியது மாவ்ஷியின் பருப்பு. அவ்வ்வ்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். என் சொந்த ஊர் விருதுநகர். பருப்புக்கும் எண்ணெய்க்கும் மிளகாய் வற்றலுக்கும் விலை சொல்கிற ஊர். விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று பேப்பரில் வருமே, அதே ஊர்தான். அப்பா ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதினார். எங்கள் வீட்டில் பிராண்டு என்ற வார்த்தையே கிடையாது. அண்ணாச்சி கடையில் சாக்கிலிருந்து அள்ளி, பேப்பரில் பொட்டலம் மடித்துச் சணலால் கட்டிக் கொடுப்பார். சொத்தை இருந்தால் மறுநாள் போய்ச் சத்தம் போடலாம், மாற்றிக் கொடுப்பார். பேர் கெட்டுவிடும் என்ற பயம் அவருக்கு இருந்தது. அதுதான் சாமி சொந்த பிராண்டு! பெரிய கடைக்காரர் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அண்ணாச்சி பேப்பரில் மடித்ததை இவர் பிளாஸ்டிக்கில் ஒட்டுகிறார்.

குடோன் கடை இந்தியாவுக்கு வந்தே இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. டிமார்ட்டின் முதல் கடை 2002-ல் பவாயில். மொத்த வியாபாரத்துக்கென்று மெட்ரோ 2003-ல் பெங்களூரில் ஆரம்பித்தது. கடைக்காரர்களுக்கும் ஹோட்டல்காரர்களுக்கும்தான் அங்கே கார்டு. 2023-ல் மெட்ரோவின் இந்தியக் கடைகள் ரிலையன்ஸ் கைக்குப் போயின. இன்று பெரிய கடைகள் எல்லாவற்றுக்கும் ஒரு சொந்தப் பெயர் இருக்கிறது. டிமார்ட்டில் பிரீமியா, ரிலையன்ஸில் குட் லைஃப் என்று. நான் எந்தக் கடையில் வாங்குகிறேன் என்பதைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் விளம்பரம் என்பீர்கள்.

சரி, விலை ஏன் குறைவு? "மட்டமான சரக்கு, அதான்" என்பது மூன்றாவது மாடி சாரின் தீர்ப்பு. பி.காம் படித்தவர்கள் காஸ்ட் ஷீட்டை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். மூலப்பொருள், கூலி, மில் செலவு, ஆபீஸ் செலவு, கடைசியில் விற்பனை மற்றும் விநியோகச் செலவு. டிவியில் நடிகை சிரிப்பதற்கு ஆகும் செலவும், ஸ்டாக்கிஸ்ட் கமிஷனும், விற்பனைப் பிரதிநிதி சம்பளமும், கடையில் கண்ணுக்கு எதிரே இருக்கிற தட்டில் இடம் பிடிக்கிற செலவும் அந்தக் கடைசி வரியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. கடைக்காரர் தன் பெயரில் விற்கும்போது அந்த வரியில் பெரும்பகுதி அடிபட்டுப் போகிறது. பருப்பின் மேல் கை வைக்காமலே விலையைக் குறைக்க வழி இருக்கிறது.

இதைப் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. கடன் கொடுத்த மில்களுக்கு ஸ்டாக் பார்க்கப் போவது என் ஆணிகளில் ஒன்று. எந்த ஊர், எந்த மில் என்று கேட்காதீர்கள், பேங்க்காரன் வாய்க்குப் பூட்டு உண்டு. ஒரு பருப்பு மில்லில் ஒரே தொட்டியிலிருந்து இறங்குகிற பருப்புக்கு மூன்று வேறு பெயர் போட்ட பிளாஸ்டிக் சுருள்கள் வரிசையாக நின்றதைப் பார்த்தேன். எல்லா மில்லிலும் எல்லாப் பருப்பும் அப்படித்தான் என்று சொல்லமாட்டேன். குருணை எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு, பாலிஷ் வேண்டுமா வேண்டாமா என்று வாங்குகிறவர் கேட்பதற்கு ஏற்ப ரகம் மாறும். ஆனால் பெயரை வைத்து ரகம் சொல்ல முடியாது என்பது அன்றைக்கு உறைத்தது.

"வரி ஏய்ப்பாக இருக்கும்" என்றார் இன்னொருவர். 2022 ஜூலை 18-க்கு முன்னால் பதிவு செய்த பிராண்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., பிராண்டு இல்லாததற்கு இல்லை என்று ஒரு வித்தியாசம் இருந்தது. அந்தத் தேதியிலிருந்து, லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசி, பருப்பு, மாவுப் பாக்கெட் எல்லாவற்றுக்கும் பிராண்டு பார்க்காமல் ஒரே வரி என்று மாற்றிவிட்டார்கள். அந்த வாதமும் அவுட்.

இவ்வளவு பேசுவதால் கடைக்காரருக்கு நான் கொடி பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் செய்கிற ஒரு வித்தை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பாக்கெட்டில் எம்.ஆர்.பி. 180, "எங்கள் விலை 129" என்று போட்டிருக்கும் (உதாரணத்துக்குத்தான்). 51 ரூபாய் மிச்சம் என்று பில்லிலும் அச்சாகி வரும். நம் ஆட்களும் அந்த வரியைக் காட்டிக் காட்டிப் பூரிப்பார்கள். ஐயா, அந்த 180-ஐப் போட்டது யார்? அதே கடைக்காரர். அவரே கேள்வித்தாள் எழுதி, அவரே திருத்தி, அவரே நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்கிறார். அதிகபட்ச விலைதான் அது, அந்த விலைக்கு அந்தப் பருப்பு எங்கேயாவது விற்றதா என்று யாருக்குத் தெரியும்? சொந்த பிராண்டில் "மிச்சம்" என்ற வரிக்கு மதிப்பு பூஜ்யம்.

பார்க்க வேண்டியது கிலோ என்ன விலை என்பதை மட்டும். பாக்கெட் இந்த அளவுகளில்தான் இருக்கவேண்டும் என்று சில பொருட்களுக்கு முன்பு சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. 2021-ல் அறிவித்த திருத்தத்தில் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கிராமுக்கு, கிலோவுக்கு என்ன விலை என்று அச்சிடச் சொன்னார்கள். பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். ஒரு கிலோ மாதிரியே உப்பியிருக்கும் பாக்கெட் 900 கிராமாக இருக்கலாம். எங்கள் கிளையில் கடன் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பேன், அதே நான் பருப்புப் பாக்கெட்டைப் படித்ததில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு, சர்க்கரை, ரவை, அவல், வேர்க்கடலை, கடுகு, வெந்தயம்: கண்ணால் பார்த்து, கையில் தேய்த்துத் தரம் சொல்லக்கூடிய சரக்கு. இதிலெல்லாம் கடையின் பெயரே போதும், மேலே கொடுப்பது விளம்பரத்துக்கு மொய். உளுந்துக்கு மட்டும் ஒரு பரீட்சை வைத்தோம். கிரைண்டரில் மாவு எவ்வளவு காண்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்தாள் தங்கமணி. பாஸ்.

சாம்பார்ப் பொடி, காப்பித்தூள், பெருங்காயம், நல்லெண்ணெய் நான்கும் ஃபெயில். இவற்றில் சரக்கை விட வறுப்பவர், கலப்பவர் கைப்பக்குவம்தான் விலை. அதற்குச் செம்பூருக்கோ மாட்டுங்காவுக்கோ ரயில் ஏறிப் போய், நம் ஊர் கடையில் கேட்ட விலை கொடுத்து வாங்கி வருகிறேன். அங்கே பேரம் பேசுவதும் இல்லை.

இன்னொரு நியாயமான கேள்வி உண்டு. எல்லாரும் குடோன் கடைப் பெயரையே வாங்கினால் சின்ன மில்காரர் என்ன ஆவார்? கடன் கொடுக்கிறவனாக எனக்கும் அந்தக் கவலை இருக்கிறது. விற்பனையில் பெரும்பகுதி ஒரே ஒரு வாங்குபவருக்குப் போகிறது என்றால் ஃபைலில் அதை அபாயம் என்றுதான் எழுதுவோம். நாளைக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறை என்று அவர் சொன்னால் மில்காரர் எங்கே போவார்? சொந்த பிராண்டின் அசல் குறை இதுதான். இதைச் சொல்லி யாராவது வாங்க மறுத்தால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் கூட்டாஞ்சோற்றில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. அவர்கள் சொன்னது மாவ்ஷிக்கு ஆகும், எங்களுக்கு ஆகாது என்பது.

அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்தப் பருப்பு நல்லது என்றால் உங்கள் சாம்பாரில் போடுங்கள், காசு மிச்சம். கெட்டது என்றால் வருடக்கணக்கில் உங்கள் எச்சில் தட்டைக் கழுவுகிறவர் வீட்டுக் குழந்தைகளுக்கு அதை எப்படிக் கொடுத்தீர்கள்? இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். பருப்பைத் தின்று பார்க்காமலேயே அது யாருக்கு என்று முடிவு செய்தோமே, அதற்குப் பெயர் தரம் பார்ப்பது இல்லை. ஆள் பார்ப்பது.

நாமும் இங்கே பிழைக்க வந்தவர்கள்தான். இதே மும்பையில் நம் முந்தைய தலைமுறைக்கு "மதராசி" என்று ஒரு லேபிள் ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே தட்டில் கீழே வைத்தார்கள். 1960-களின் கடைசியில் அந்த லேபிளுக்காக அடி வாங்கியவர்கள் இன்றும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் இருக்கிறார்கள். லேபிளைப் பார்த்து ஆளை எடைபோடுவது எப்படி வலிக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒரே டப்பா. மாவ்ஷிக்கும் அதே பாக்கெட்தான், நாங்கள் வாங்கும்போது கூட இரண்டு கிலோ. பிராண்டை மாற்றியதில் மிச்சமான காசில் ஒரு பங்கைத் தங்கமணி அவர் சம்பளத்தில் சேர்த்துவிட்டாள். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, விளம்பர நடிகைக்குப் போன பணம்தான். தீபாவளிப் பையில் இந்தத் தடவை மாட்டுங்கா காப்பித்தூளும் ஒரு பாக்கெட் போட்டோம். மறுநாள் வந்து, "இது ரொம்பக் கசப்பு வஹினி, டீத்தூளே குடுங்க" என்று சொல்லிவிட்டார். :-)

மூன்றாவது மாடி சார் இதைப் படிப்பார் என்று தெரியும். கோபித்துக்கொள்ளாதீர்கள் சார். இன்று ராத்திரி ஒரு குக்கரில் இரண்டு பாத்திரம் வையுங்கள். எது எந்தப் பருப்பு என்று மேடம் சொல்லாமல் நீங்கள் கண்டுபிடித்துவிட்டால், அடுத்த கூட்டாஞ்சோற்றுக்கு மொத்தச் சாப்பாடும் என் செலவு.