உலகைக் காக்க நால்வர் வேண்டும்

இத்திங்களிதழைப் படிக்கும் இல்லங்களுள் பல, மாற்றல் உத்தரவின் பேரில் ஊர்விட்டு ஊர் வந்தவை. பெரியவர்களுக்கு அலுவலகம் உண்டு, கோயில் உண்டு, நம் சங்கம் உண்டு. ஆண்டின் நடுவே பள்ளி மாறி வரும் பிள்ளைக்கு என்ன உண்டு? இவ்வினாவை என்னுள் எழுப்பியவன் என் தங்கை மகன்.

அவனுக்கு வயது பதினான்கு. மதுரையிலிருந்து செம்பூருக்கு வந்து ஐந்து திங்களாகியும், தான் பேசும் இந்தியைக் கேட்டுப் பிறர் நகைக்கிறார்கள் என்று வகுப்பில் வாய் திறவாதிருந்தான். ஒருநாள் என்னிடம் வந்து, "மாமா, எனக்கு நாலு பேர் வேண்டும்" என்றான்.

"எதற்கப்பா?"

"உலகத்தைக் காப்பாற்ற!"

அவன் கருதியது ஓர் ஆட்டம். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, பேச்சினாலேயே கதையை வளர்ப்பது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 1974 இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' இவ்வகைக்கு முன்னோடி. பறக்கவும் மலையைப் பெயர்க்கவும் வல்ல சூப்பர் ஹீரோக்களைக் கொண்ட ஆட்டங்கள் 1977 முதல் வரலாயின. 1981 இல் 'சாம்பியன்ஸ்' வந்தது.

ஒருவர் கதையை நடத்துவார். நகரமும் பகைவரும் அவர் பொறுப்பு. ஏனையோர் வீரர்கள். செயல் பலிக்குமா என்னும் ஐயம் எழுந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். 'சாம்பியன்ஸ்' ஆட்டத்தில் தாக்கும் திறனும் தடுக்கும் திறனும் சமமாயின், மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை 11 அல்லது அதற்குக் கீழ் விழ வேண்டும். பகடைகள் விழக்கூடிய வகை 216; அவற்றுள் 135 வெற்றி தரும். எட்டுக்கு ஐந்து என்க.

ஆட்டம் எளிது, ஆள் சேர்ப்பதே அரிது. "வாரந்தோறும் ஆட்டம், ஆண்டு முழுவதும்" என்று எழுதிக் குடியிருப்பின் பலகையில் ஒட்டினான். வருவதாகச் சொன்னவர் மூவர்; வந்தவன் ஒருவன். அன்றிரவு பிள்ளை சரியாக உண்ணவில்லை.

இருவரும் அமர்ந்து ஆராய்ந்தோம். முன்பின் அறியாதவரிடம் ஓராண்டைக் கேட்டால் யார் தருவார்? ஒரு மாலைப்பொழுதைக் கேட்டால் தருவர். ஆகவே ஒரு சனிக்கிழமையை முதலில் உறுதி செய்தோம். மூன்று மணி நேரத்தில் முடியும் ஒரே கதை. இரவு உணவுக்கு முன் அனைவரும் வீடு திரும்பலாம். விதி நூலைப் படித்து வர வேண்டியதில்லை. ஐந்து வீரர்களை அவனே ஆக்கி வைத்தான். பலகையை நம்பாமல் வீடு வீடாகச் சென்று பெற்றோரிடமும் கேட்டான். மூவர் முதல் ஐவர் வரை அளவாகும். எழுவரானால் தம் முறைக்காகக் காத்திருந்தே சலிப்பர். நால்வர் தேவையாயின் ஐவரை அழைத்தல் நன்று. ஒருவருக்குத் தேர்வோ காய்ச்சலோ வாராமற் போகாது.

வீரக் கதைக்கென்றே ஓர் இடர் உண்டு: எல்லாரும் தாமே பெருவலியர் ஆக விரும்புவர். 'சாம்பியன்ஸ்' இதற்கு வழி கண்டிருக்கிறது. அனைவருக்கும் புள்ளிகள் சமம். அவற்றைக் கொண்டே ஆற்றல்களைப் பெற வேண்டும். குறையொன்றை ஏற்பவர் கூடுதல் புள்ளி பெறுவார். கதை நகைச்சுவையா, கடுமையானதா, அதில் எவை வரலாகா என்பவற்றையும் தொடங்குமுன் பேசிக்கொள்ள வேண்டும். பாதியில் எழும் மனத்தாங்கல் பெரும்பாலும் இதைப் பேசாமையால் வருவதே.

"நம் பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்க்கக் கூடாதா, அண்ணா?" என்றாள் தங்கை. அக்குடியிருப்பில் நம் பிள்ளை வேறு எவரும் இலர். வந்த நால்வருள் இருவர் மராத்தியர், ஒருவன் வங்காளி, ஒருத்தி பஞ்சாபிப் பெண். ஆகவே கதை இந்தியில்தான் நடந்தது.

இந்தியில் 'நான் போகிறேன்' என்பதை ஆண் ஒருவிதமாகவும் பெண் ஒருவிதமாகவும் சொல்ல வேண்டும். தமிழில் அவ்வேறுபாடு இல்லை. அவன் படைத்த கொள்ளைத் தலைவன், மீசையை முறுக்கிக்கொண்டு, "நான் போகிறேன்" என்று பெண்பாலில் முழங்கினான். மேசையே அதிர்ந்து சிரித்தது. உள்ளே இருந்த தங்கை என்னைப் பார்த்தாள். பிள்ளை முகம் சிவந்தது. ஒரு கணம் பொறுத்து, "என் தலைவன் அப்படித்தான் பேசுவான், அவனைப் பிடித்துத் திருத்துங்கள், பார்ப்போம்!" என்றான். பிறகு மூன்று மணி நேரம் அவன் வாய் ஓயவில்லை.

புறப்படும்போது நால்வரும் கேட்டது ஒன்றே: "அடுத்த சனிக்கிழமை அந்தத் தலைவன் வருவானா?"

நம் சங்கக் கூடத்து நீள்மேசை ஞாயிறு பிற்பகல்களில் வறிதே கிடக்கிறது. செயற்குழுவினர் எண்ணிப் பார்ப்பாராக. பகடை மூன்றும் தாளும் பென்சிலும் பிள்ளைகள் கொண்டு வருவர்.